சரத்தின் கடைசி முடிச்சு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஓர் அக்கா பூக்கடை வைத்திருந்தார். அவர் சரம் அளப்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். இரண்டு முழம் மல்லிகை கேட்டால் பூவை எண்ணமாட்டார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு, கத்தரி. சரம் தீரப்போகும் இடத்தில்தான் கை நிதானப்படும். அங்கே ஒவ்வொரு பூவாகத் தடவிக் கடைசி முடிச்சைத் தேடுவார். பக்கத்தில் உட்கார்ந்து சரம் தொடுக்கும் பாட்டிக்கு முழக்கணக்கு கிடையாது. ஒரு பூவை எடுப்பார், காம்பைப் பார்ப்பார், வாடியிருந்தால் ஒதுக்குவார், அடுத்த பூவை எடுப்பார்.

மாடியில் நான் பார்த்த வேலையும் சரம்தான். எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்ததை நிரலாளர்கள் சரம் என்கிறோம். சி மொழியில் ஒரு சரம் எவ்வளவு நீளம் என்று எங்கும் குறித்து வைப்பதில்லை. கடைசியில் பூஜ்யம் என்று ஒரு பைட் இருக்கும், அதுதான் முடிச்சு. நீளம் தெரிய வேண்டுமென்றால் முதல் பைட்டிலிருந்து முடிச்சு வரை யாராவது நடந்து பார்த்தாக வேண்டும். நாமே ஒரு பாயிண்டரை எடுத்துக்கொண்டு நடக்கலாம், அல்லது ஸ்ட்ர்லென் என்ற உள்ளமைந்த ஃபங்ஷனை அனுப்பலாம். இருவரில் யார் வேகம் என்ற கேள்வியோடு என் இருபது வருடத் தொழில் போயிருக்கிறது.

2001-இல் வேலைக்குச் சேர்ந்தேன். கேஎல் சென்ட்ரல் திறந்த ஆண்டு. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறினால் நேராக பிரிக்பீல்ட்ஸ் வாசலில் இறங்கலாம் என்பதே அப்போது எனக்குப் பெரிய வசதி. அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மலேசியாவில் தமிழ்க் கணிமை அதற்கு முன்பே வேர் விட்டிருந்தது. முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு அஞ்சலை வெளியிட்டிருந்தார். நான் சேர்ந்த இடமோ சிறியது. கல்யாணப் பத்திரிகை, கோவில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் ஆகியவற்றுக்கு எழுத்துக் கோக்கும் கடை. முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு சி மொழி தெரியும் என்று கேள்விப்பட்டு, "தம்பி, இந்தப் பழைய ஃபைலையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பி டிஸ்க் மேசைக்கு வந்தது.

பாயிண்டரைத் தமிழ்ப் பாடநூல்களில் சுட்டு என்கிறார்கள். எனக்குப் பிடித்த கலைச்சொல் அது. அவன், இவன் என்பதில் வரும் அகரமும் இகரமும் சுட்டெழுத்து என்று தமிழாசிரியர் நடத்தியது நினைவில் இருப்பவருக்குப் பாயிண்டர் பாதி புரிந்த மாதிரி. அது பொருளைக் கையில் வைத்திருப்பதில்லை, அது இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. ஒன்றைக் கூட்டினால் அடுத்த இடத்தைச் சுட்டும்.

கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1988-இல் வந்தது. அதன் ஜெராக்ஸ் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு சரத்தை இன்னொரு சரமாக நகலெடுக்கும் வேலையை ஒரே வரியில், இரண்டு பாயிண்டர்களைச் சேர்த்து நகர்த்தி முடித்திருப்பார்கள். அந்த வரியைப் படித்த அன்று கொமுட்டரில் தெலுக் பூலாய் வரை போய், திரும்ப ஏறி வந்தேன். அரே எனும் அணியில் எண் கொடுத்து எடுப்பதைவிடப் பாயிண்டர் வேகம் என்று அந்தக் காலத்துப் புத்தகங்கள் சொல்லின. அந்தக் காலத்துக் கம்பைலர்களுக்கு அது சரியும்கூட. நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். உள்ளமைந்த ஃபங்ஷன்கள் எதையும் தொடுவதில்லை என்று இருந்தேன்.

என் பிடிவாதத்துக்கு முதலில் தீனி போட்டது ஸ்ட்ர்கேட். ஒரு சரத்தின் வாலில் இன்னொன்றை ஒட்டுகிற ஃபங்ஷன் அது. எனக்கு முன் அங்கே வேலை பார்த்தவர் ஒரு மலரின் வரிகளையெல்லாம் அதை வைத்து ஒன்றாக ஒட்டியிருந்தார். சிறிய கோப்புக்கு நன்றாக ஓடும், பெரிய கோப்பில் கணினி உறைந்துபோனது போல நிற்கும். வாலில் ஒட்ட வேண்டுமென்றால் வால் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் ஸ்ட்ர்கேட் ஒவ்வொரு தடவையும் தலையிலிருந்து முடிச்சு வரை நடக்கிறது. வரிக்கு 100 பைட், 10,000 வரி என்று வைத்துக்கொள்வோம். கோப்பு ஒரு மில்லியன் பைட்தான். ஆனால் முடிச்சைத் தேடி நடந்த நடை மட்டும் ஏறக்குறைய 5 பில்லியன் பைட். வால் இருக்கும் இடத்தை ஒரு பாயிண்டரில் நினைவு வைத்துக்கொண்டு அங்கேயே ஒட்டினேன். அண்ணன் தே தாரேக் சொல்லி அனுப்பியது மேலே வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பாயிண்டர் வென்றுவிட்டது என்று நினைத்தேன். ஒரே வழியைத் திரும்பத் திரும்ப நடக்காமல் விட்டதால் கிடைத்த நேரம் அது. யார் நடந்தார்கள் என்பதற்கு அதில் பங்கே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

அடுத்து வந்ததுதான் உண்மையான வேலை. ஒரு பதிப்பகத்தின் பழைய சிறுகதைத் தொகுப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழுக்கு யூனிகோடில் இடம் 1991-இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் கடைகளில் ஓடியவை எழுத்துருக் குறியீடுகள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனி அட்டவணை. டிஸ்கி என்று ஒரு பொதுக் குறியீடு இருந்தது. அதை யூனிகோடாக மாற்றும் நிரலை 2002-இல் புரூனோ ஹைபிள் எழுதி க்னூ சி நூலகத்தில் சேர்த்திருந்தார். எங்களிடம் வந்த கோப்புகள் டிஸ்கியில் இருந்திருந்தால் அதைக் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவை இருந்தது வேறொரு வணிக எழுத்துருவில்.

அந்தக் குறியீடுகளில் எழுத்து கண்ணில் தெரியும் வரிசையில் உட்கார்ந்திருக்கும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால், ஆக மூன்று பைட். யூனிகோடில் உச்சரிக்கும் வரிசை. முதலில் க, பிறகு ஒகரக் குறி. யூடிஎஃப்-8 என்ற பைட் முறையில் எழுதினால் க என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட். ஒகரக் குறி 224, 175, 138. ஆக ஆறு பைட்.

எனக்கு முந்தையவர் இதைத் தேடி மாற்றும் ஃபங்ஷனால் செய்யப் பார்த்திருந்தார். 247 எழுத்துகளுக்கும் ஒவ்வொன்றாகக் கோப்பு முழுவதையும் தேடி மாற்றுவது. கோப்பை 247 முறை நடக்க வேண்டும், போதாததற்குக் கிரந்தம் வேறு. வரிசையும் முக்கியம். 'கெ'யை முதலில் மாற்றிவிட்டால் 'கொ'வின் கால் மட்டும் அநாதையாக நிற்கும். நான் பாயிண்டரோடு ஒரே நடை நடந்தேன். கொம்பு வந்தால் கையில் வைத்துக்கொள். அடுத்த மெய்யை எழுது. அதற்கடுத்து கால் இருக்கிறதா என்று எட்டிப் பார். இருந்தால் ஒகரம், இல்லாவிட்டால் எகரம். பாயிண்டருக்கு எட்டிப் பார்ப்பது இனாம். நின்ற இடத்திலிருந்து அடுத்த பைட்டைப் பார்க்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

எட்டிப் பார்த்தும் தீராத ஒன்று இருந்தது. ஔகாரக் குறியின் வலது பாதி ளகரம் போலவே இருப்பதால் இந்த எழுத்துரு இரண்டுக்கும் ஒரே பைட்டை வைத்திருந்தது. கௌரி என்பதும் 'கெ', 'ள', 'ரி' என்பதும் கோப்பில் ஒன்றே. இன்றைக்கும் இணையத்தில் 'கெளரி', 'மெளனம்' என்று கிடக்கும் சொற்களில் பல இப்படிப்பட்ட மாற்றத்தில் தப்பி வந்தவை. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. நான் ஒரு விதி எழுதினேன். கொம்பு வாங்கிய மெய்க்குப் பின் ளகரம் வந்து, அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அது ளகரம்தான். தெளிவு, வெள்ளி எல்லாம் பிழைத்துக்கொண்டன. ஒன்றும் இல்லாவிட்டால் ஔகாரம். கௌரி, மௌனம், சௌகரியம் சரியாக வந்தன.

எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்தும் இன்னோர் அக்கா மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். தோட்டப்புறக் கதை. ரப்பர் மரம் வெட்டும் கிழவர் தன் மகனிடம் பேசுகிறார். அவர் சொன்னது 'வெளங்கலையாடா?'. தாளில் இருந்தது 'வௌங்கலையாடா?'. பேச்சுவழக்கில் விளக்கு வெளக்கு ஆகிறது, விளங்கவில்லை வெளங்கல ஆகிறது. அந்த ளகரத்தின் மேல் ஒன்றும் இல்லை. என் விதி அதை ஔகாரமாக்கிவிட்டது. மலேசியத் தோட்டப்புறக் கதைகளில் அந்தச் சொல் வராத பக்கம் உண்டா? "நம்ம ஆளுங்க பேசுறதே உனக்கு மறந்துபோச்சா தம்பி?" என்று அக்கா கேட்டார். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. விதிவிலக்குச் சொற்களின் பட்டியல் ஒன்றை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கையால் எழுதினோம். பாயிண்டர் ஒவ்வொரு கொம்புக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கும்படி மாற்றினேன். வேகம் குறைந்தது. கிழவரின் பேச்சு திரும்ப வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு தங்கச்சி வேலைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவர். என் நிரலைப் படித்துவிட்டு, "ஏண்ணே எல்லாத்தையும் கையாலயே எழுதியிருக்கீங்க? ஸ்ட்ர்லென் வேகமாச்சே" என்றார். நான் பாயிண்டர்தான் வேகம் என்றேன். "அளந்து பார்த்தீங்களா?" என்றார். அளந்ததே இல்லை.

அன்று மாலையே அளந்தோம். ஒரே சரத்தைப் பல இலட்சம் தடவை இரண்டு வழியிலும் அளக்க விட்டோம். ஸ்ட்ர்லென் எடுத்துக்கொண்ட நேரம் பூஜ்யம் என்று வந்தது. இருவருமே நம்பவில்லை. கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியைத் திறந்தால், சுற்றுக்குள் ஸ்ட்ர்லென்னைக் காணவே இல்லை. சரம் மாறவில்லை, அதனால் நீளமும் மாறாது என்று கம்பைலருக்குத் தெரியும். ஸ்ட்ர்லென் என்ன செய்யும் என்பதும் அதற்குத் தெரியும். விடையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது. வேகத்தை ஒப்பிடுகிறேன் என்று கிளம்புகிற எல்லோரும் முதலில் விழுகிற பள்ளம் இதுதான். விடையை எங்காவது பயன்படுத்த வேண்டும், சரமும் சுற்றுக்குச் சுற்று மாற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லாததை அளந்துகொண்டிருப்போம். இதற்குப் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. பைட் பைட்டாக நகலெடுக்கும் சுற்றை இன்று பாயிண்டரால் எழுதினால், கம்பைலர் அதைக் கண்டுபிடித்து மெம்காப்பி என்ற உள்ளமைந்த நகல் ஃபங்ஷனை அழைக்கும் வரியாக மாற்றிவிடுவது உண்டு. அணியில் எண் கொடுத்து எழுதினாலும் பாயிண்டரால் எழுதினாலும் பெரும்பாலும் ஒரே இயந்திர நிரல்தான் வெளியே வருகிறது. நான் வேதமாக வைத்திருந்த வித்தியாசம் கம்பைலருக்குள் எப்போதோ கரைந்துபோயிருந்தது.

சரியாக அளந்தபோது ஆங்கிலக் கோப்பில் ஸ்ட்ர்லென் என்னைத் தோற்கடித்தது. கொஞ்ச நஞ்சமல்ல. ஏன் என்று பார்க்க க்னூ நூலகத்தின் மூலநிரலுக்குள் போனேன். என் பாயிண்டர் பாட்டி மாதிரி, பூப்பூவாகப் பார்க்கிறது. ஸ்ட்ர்லென் கீழ்க்கடை அக்கா மாதிரி முழம் போடுகிறது.

எப்படி முழம் போடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் அங்கேதான் மாட்டுகிறது. நான்கு பைட்டை ஒரே எண்ணாக எடுத்து, ஒவ்வொரு பைட்டிலிருந்தும் ஒன்றைக் கழிக்கிறார்கள். பூஜ்யமாக இருந்த பைட்டில் ஒன்றைக் கழித்தால் அது 255 ஆகி, அதன் தலைப் பிட் எரியும். எரிந்தால் முடிச்சு இந்த நாலுக்குள் இருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால் நான்கையும் தாண்டிப் போகலாம். ஆங்கில எழுத்து எல்லாமே 128-க்குக் கீழே, ஒன்றைக் கழித்தாலும் அவற்றின் தலைப் பிட் அணைந்தே இருக்கும். தமிழுக்கு இந்த நிம்மதி இல்லை. 224, 174, 175 என்று யூடிஎஃப்-8-இல் நம் பைட் எல்லாமே 128-இலிருந்து தொடங்குபவை, அவற்றில் தலைப் பிட் பிறவியிலேயே எரிகிறது. ஒன்றைக் கழித்தாலும் பெரும்பாலும் அணையாது.

இதற்கு மருந்து எளிது. முதலிலேயே தலைப் பிட் எரிந்துகொண்டிருந்த பைட்டைக் கணக்கில் சேர்க்காதே என்று இன்னொரு படி போட வேண்டும். ஆலன் மைக்ராஃப்ட் 1987-இலேயே அந்தச் சூத்திரத்தை எழுதிவிட்டார். ஆனால் க்னூ நூலகத்தின் பொதுவான சி வடிவத்தில் அந்தப் படி இல்லாத சுருக்கச் சோதனைதான் நெடுநாள் இருந்தது. விடை தவறாகாது, ஏனென்றால் எரிந்த நாலையும் அது தனித்தனியாகத் திறந்து பார்த்துவிடும். ஆங்கிலத்தில் முடிச்சு வரும்போது மட்டும் திறக்க வேண்டியது, தமிழில் ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியதாகிறது. எங்கள் இயந்திரத்தில் ஓடியது வேறு அசெம்பிளி வடிவம். ஆனாலும் அந்த சி வடிவத்தைத் தனியாக எடுத்துக் கம்பைல் செய்து, ஒரே அளவுள்ள ஆங்கிலக் கோப்பையும் தமிழ்ச் சிறுகதையையும் கொடுத்தேன். ஆங்கிலத்தில் பறந்தது. தமிழில் என் சாதாரணப் பாயிண்டரோடு தடுமாறிக்கொண்டு நடந்தது. தங்கச்சி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவங்க நம்ம எழுத்தை நெனைச்சே பார்க்கலை" என்றார்.

பிற்பாடு அந்தச் சோதனையில் விடுபட்ட படி சேர்க்கப்பட்டது. இன்றைய இன்டெல் இயந்திரங்களில் நூலகம் வேறு வழியே போய்விட்டது. 16 பைட், புதிய சிப்பில் 32 பைட் என்று ஒரே கட்டளையில் பூஜ்யத்தோடு ஒப்பிடுகிறது. அந்த ஒப்பீட்டுக்குத் தலைப் பிட் பற்றிய கவலையே இல்லை, தமிழும் ஆங்கிலமும் அதற்கு ஒன்று. எந்தச் சிப் இருக்கிறது என்று நிரல் தொடங்கும்போதே பார்த்து, அதற்கேற்ற ஸ்ட்ர்லென்னைப் பொருத்திக்கொள்கிறது. நீளம் காண்பதில் இனி நான் கையால் எழுதிய பாயிண்டர் அதனோடு போட்டி போட முடியாது. நான் போடுவதும் இல்லை.

ஆனால் எந்த நீளம்? 'கிள்ளான்' என்று எழுதி ஸ்ட்ர்லென்னிடம் கேளுங்கள், 24 என்று சொல்லும். யூனிகோடு குறிகளை எண்ணினால் 8. கி, ள், ளா, ன் என்று தமிழ்ப் பிள்ளை எண்ணினால் 4. மூன்றும் சரியான விடைதான், எதற்கு என்பதைப் பொறுத்து. வட்டில் இடம் ஒதுக்க 24 வேண்டும். குறுக்கெழுத்துக் கட்டம் போட 4 வேண்டும். அந்த 4-ஐத் தரும் ஃபங்ஷன் சி மொழியோடு வருவதில்லை. அங்கே பாட்டிதான் வர வேண்டும், ஒவ்வொன்றாக எடுத்து, உயிர்க்குறியா, புள்ளியா, தனியெழுத்தா என்று பார்த்து.

பள்ளி ஆண்டு மலர்களில் பாட்டி, அக்கா என்ற இந்த இரண்டு பேரையும் சேர்த்து வேலை வாங்கக் கற்றுக்கொண்டேன். நம் தமிழ்ப்பள்ளி மலர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. கல்வி இலாகா அதிகாரியின் வாழ்த்து மலாயில், ஏதாவது ஓர் உரை ஆங்கிலத்தில், மாணவர் கதையும் கவிதையும் தமிழில். சொல்லடைவு தயாரிக்கத் தமிழ்ப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 224 என்ற பைட்டில் தொடங்குகிறது. குறிப்பிட்ட ஒரு பைட்டைத் தேடித் தருவதற்கென்றே மெம்சார் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதுவும் முழம் போடுவதுதான். மலாய் ரூமி எழுத்தும் ஆங்கிலமும் 128-க்குக் கீழே இருப்பதால் அந்தப் பக்கங்களை அது ஒரே தாவாகத் தாவிக் கடந்தது. மலர் முழுக்க அதையே ஓட விட்டேன். நிரல் முன்பைவிட மெதுவாகிப் போனது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு பகல் போனது. தமிழ்ப் பக்கத்துக்குள் நுழைந்ததும் மூன்று பைட்டுக்கு ஒரு 224 வருகிறது. மெம்சாரை அழைக்கிறோம், அது 16 பைட்டை அள்ளுகிறது, முதல் பைட்டிலேயே கண்டுபிடித்துவிட்டு மீதியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறது. மூன்று பைட் தள்ளி மறுபடி அழைப்பு. முழம் போடுகிறவரை ஒவ்வொரு பூவுக்கும் எழுப்பி உட்கார வைத்த கதை. எனவே மலாய், ஆங்கிலப் பக்கங்களைக் கடந்து தமிழ் தொடங்கும் இடத்தைக் காண மெம்சார், உள்ளே போனபின் மூன்று மூன்றாக அடியெடுத்து வைக்கப் பாயிண்டர் என்று பிரித்தேன். இரண்டில் எதைத் தனியாக ஓடவிட்டதைவிடவும் அது வேகமாக ஓடியது. ஆங்கிலப் புத்தகங்களில் வரும் ஒப்பீடுகளில் இந்தக் கணக்கு வராது, அவர்கள் எழுத்து அப்படி. கையில் எந்தச் சரம் இருக்கிறது என்று தெரியாமல் பாயிண்டரா ஃபங்ஷனா என்று கேட்பது, துணி என்னவென்று பார்க்காமல் கத்தரியைத் தேர்ந்தெடுப்பது போலத்தான் எனக்குப் படுகிறது.

வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நான் செய்த தவறைச் சொல்லாமல் இருக்க முடியாது. சங்கம் ஒன்றின் உறுப்பினர் அட்டைகள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம். பெயருக்கு நான் 32 பைட் ஒதுக்கியிருந்தேன். அதற்குள் நகலெடுக்க ஸ்ட்ர்-என்-காப்பியை வைத்தேன், உள்ளமைந்த ஃபங்ஷன் வேகம் என்று அப்போது புதிதாக நம்பத் தொடங்கியிருந்த காலம். 32 என்பது ஆங்கிலத்தில் தாராளம். தமிழில் பத்துக் குறிகளும் இரண்டு உதிரிப் பைட்டும்.

ஓர் அம்மா அட்டையோடு மாடிப்படி ஏறி வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். படிகள் செங்குத்தானவை, மேலே வந்து கொஞ்சம் மூச்சு வாங்கினார். பெயர் கிருஷ்ணவேணி. அட்டையில் கிருஷ்ணவேண என்று இருந்தது. அதன் பின்னே ஒரு சதுரப் பெட்டி, அதோடு ஒட்டிக்கொண்டு அடையாள அட்டை எண். கிருஷ்ணவேணிக்கு 11 குறி, 33 பைட். கடைசி இகரக் குறியின் மூன்று பைட்டில் இரண்டு உள்ளே போய், ஒன்று வெளியே நின்றுவிட்டது. இடம் நிரம்பிவிட்டால் ஸ்ட்ர்-என்-காப்பி முடிச்சுப் போடாது. முடிச்சு இல்லாத சரத்தை அச்சு நிரல் படித்துக்கொண்டே போய் அடுத்த பெட்டிக்குள் நுழைந்துவிட்டது.

"பேரு முழுசா எழுத இடம் பத்தலையாப்பா?" என்று மட்டும் கேட்டார். கோபம் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அங்கேயே நிரலைத் திறந்தேன். இடத்தைப் பெரிதாக்கினேன். அது போதாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒருநாள் ஒரு நீளமான பெயர் வரும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்தின் நடுவில் வெட்டக் கூடாது. யூடிஎஃப்-8-இல் இதற்கு ஓர் அழகான வசதி உண்டு. ஓர் எழுத்தின் முதல் பைட்டை ஒருபோதும் நடுப் பைட்டோடு குழப்பிக்கொள்ள முடியாது. நடுப் பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191 வரைக்குள் அடங்கும். வெட்டும் இடத்தில் பாயிண்டரை நிறுத்தி, அது சுட்டும் பைட் அந்த எல்லைக்குள் இருக்கும் வரை ஒவ்வோர் அடியாகப் பின்னால் வர வேண்டும். தமிழுக்கு இன்னும் ஒரு படி. அங்கே நிற்பது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் அதன் மெய் வரை இன்னும் பின்னால் வந்து அதற்கு முன்னே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேணி வேண ஆகிவிடும், பெட்டி வராது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அது பெட்டி வருவதைவிடக் கெட்டது. முடிச்சை நானே என் கையால் போட்டேன். புதிய அட்டை அச்சாகி வரும் வரை அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மோனோ ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதே தொகுதியில் எத்தனை அட்டை இப்படிப் போயிருக்கும் என்று அன்று இரவு பட்டியலைத் தேடி, எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்தோம்.

இப்போது கிள்ளானில் வீட்டிலிருந்தே வேலை. தங்கச்சி வேறு நாட்டில் இருக்கிறார், தீபாவளிக்குப் பேசுவோம். பைத்தானில் எழுதும் இளைஞர்களுக்கு நான் பேசும் பாயிண்டர் பழங்கதை மாதிரி இருக்கலாம். ஆனால் அவர்கள் கூப்பிடுகிற ஒவ்வொரு தேடலுக்கும் அடியில் யாரோ எழுதிய சி நிரல் பைட்டுகளின் மேல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் ஒரு கோவிலின் பழைய மலர்களுக்குத் தேடல் அட்டவணை செய்து கொடுத்தேன். ஸ்ரீ என்ற எழுத்து அதில் பாடாய்ப் படுத்தியது. யூனிகோடின் 4.1 பதிப்பில், 2005-இல், ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தது. அதற்கு முன் ஸ்ரீயை ஸகரத்தை வைத்துத்தான் எழுதினார்கள், இன்றைக்கும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் வரும். பைட்டில் ஒன்றில் 184, மற்றொன்றில் 182. சரங்களை ஒப்பிடும் ஸ்ட்ர்காம்ப் ஃபங்ஷன் இரண்டையும் வேறு என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்லிவிடும். கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் ஒகரத்தையும் ஒரே குறியாக எழுதிய ஒகரத்தையும்கூட வேறு என்றே சொல்லும். அதனால் ஒப்பிடும் வேலையைப் பாயிண்டரிடம் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தையும் நின்று பார்த்து, ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே ஒப்பிடுகிறது. உள்ளமைந்த ஃபங்ஷனைவிட நன்றாகவே மெதுவு, அளந்துதான் சொல்கிறேன். கோவில் செயலாளர் என் மேசையில் உட்கார்ந்து 'ஸ்ரீ' என்று தட்டினார். நாற்பது வருடத்து மலர்களிலிருந்து ஒவ்வொரு பக்கமாக வரத் தொடங்கியது. மூன்றாவது பக்கத்தில் தன் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, சுட்டியை அப்படியே நிறுத்திவிட்டார்.